ஒரு வாக்கு ஆசனமாக மாறுவது எவ்வாறு? இலங்கையின் பாராளுமன்றத் தேர்தல் முறை

க.பொ.த. (சாதாரண தரம்) குடியியற் கல்வி: பரீட்சை வழிகாட்டி



தேர்தல் பற்றிய வினாக்கள் குடியியற் கல்வி வினாத்தாளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. எனினும் பல மாணவர்கள் "225", "196", "29" என்ற எண்களை மனனம் செய்துவிட்டு, அவை எவ்வாறு வந்தன என்பதை விளக்க முடியாமல் புள்ளிகளை இழக்கின்றனர். இப்பாடத்தில் ஒரு வாக்கைப் பின்தொடர்ந்து செல்வோம். பெயர் இடாப்பில் பதியப்படுவது முதல் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமாக மாறுவது வரை அந்த வாக்கு எங்கெங்கு செல்கிறது, எந்தெந்த இடத்தில் வீணாகக்கூடும் என்பதை அறிந்துகொண்டால் இவ்வலகு முழுவதும் தெளிவாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று தரம் 11 இல் கற்கும் நீங்கள் இன்னும் இரண்டு ஆண்டுகளில் 18 வயதை அடைவீர்கள். அப்போது இது பாடமாக அன்றி, உங்கள் உரிமையாக உங்கள் முன் நிற்கும்.

1. வாக்குரிமையும் மக்கள் இறைமையும்

நாட்டின் அதியுயர் அதிகாரம் இறைமை எனப்படும். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரையின்படி இறைமை மக்களிடம் உள்ளது. அது ஆட்சி அதிகாரங்கள், அடிப்படை உரிமைகள், வாக்குரிமை ஆகியவற்றை உள்ளடக்கும். அதாவது, வாக்குரிமை அரசாங்கம் மக்களுக்கு வழங்கும் சலுகை அன்று. அது மக்களிடமுள்ள இறைமையின் ஒரு பகுதி.

மக்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடிச் சட்டம் இயற்ற முடியாது. எனவே அவர்கள் தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து, அவர்கள் மூலம் சட்டவாக்க அதிகாரத்தைச் செயற்படுத்துகின்றனர். இது பிரதிநிதித்துவ சனநாயகம் எனப்படும்.

அரசியலமைப்பின் 93 ஆம் உறுப்புரை வாக்களிப்பின் மூன்று பண்புகளைக் கூறுகிறது.

(அ) சுதந்திரமானது: எவரும் எவரையும் வற்புறுத்தவோ அச்சுறுத்தவோ முடியாது.
(ஆ) சமமானது: செல்வந்தர், வறியவர், கற்றவர், கல்லாதவர் என்ற பேதமின்றி ஒவ்வொருவருக்கும் ஒரே பெறுமதியுள்ள வாக்கு.
(இ) இரகசியமானது: யாருக்கு வாக்களித்தார் என்பதை வாக்காளர் தவிர வேறெவரும் அறியமுடியாது.

தேர்தல் நடத்தப்படாமல் இருப்பதும் மக்களின் உரிமையைப் பாதிக்கும். 2023 மார்ச் மாதத்தில் நடைபெறவிருந்த உள்ளூராட்சி மன்றத் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டதால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டுள்ளன என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தேர்தல் 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்றது.

2. வாக்குரிமை கடந்துவந்த பாதை

1931: டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர் சொத்து, வருமானம், கல்வி ஆகிய தகைமைகளைக் கொண்ட ஒரு சிறு தொகையினரே வாக்களித்தனர்.
1947: சோல்பரி அரசியலமைப்பின் கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது.
1948, 1949: குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரின் வாக்குரிமையை இல்லாதொழித்தன.
1959: வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது.
1978: இரண்டாம் குடியரசு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையை அறிமுகம் செய்தது.
1982: சர்வசன வாக்கெடுப்பு மூலம் அன்றைய பாராளுமன்றத்தின் காலம் நீடிக்கப்பட்டது. ஆகவே அவ்வேளை பொதுத் தேர்தல் நடைபெறவில்லை.
1989: விகிதாசார முறையிலான முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது.

இவற்றுள் 1948, 1949 ஆம் ஆண்டுகளின் நிகழ்வை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1952 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. தோட்டங்களில் அதே மக்கள் வாழ்ந்தார்கள். அதே தொழிலைச் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய பெயர்கள் தேருநர் இடாப்பில் இல்லை. 1947 இல் நுவரெலியாவில் தெரிவான எஸ். தொண்டமான் மீண்டும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் செல்ல 1977 வரை, அதாவது 30 ஆண்டுகள், சென்றன. இடாப்பில் பெயர் இல்லாத மக்களுக்குப் பாராளுமன்றத்தில் குரலும் இல்லை என்பதற்கு நமது நாட்டின் வரலாற்றிலேயே உள்ள உதாரணம் இதுவாகும்.

3. தேருநர் இடாப்பு: முதலாவது படி

ஒருவர் வாக்களிப்பதற்குப் பின்வரும் தகைமைகள் வேண்டும்.

• இலங்கைப் பிரசையாக இருத்தல்
• 18 வயதைப் பூர்த்தி செய்திருத்தல்
• தேருநர் இடாப்பில் பெயர் பதியப்பட்டிருத்தல்
• சட்டத்தால் தகைமையீனம் செய்யப்படாதிருத்தல் (உதாரணம்: சித்த சுயாதீனமற்றவர் எனச் சட்டப்படி காணப்பட்டோர், குறிப்பிட்ட வகைக் குற்றங்களுக்காகச் சிறைத்தண்டனை பெற்றோர்)

தேருநர் இடாப்பு 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் மூலம் விபரங்கள் சேகரிக்கப்படும். பின்னர் பெயர்ப் பட்டியல் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். பெயர் விடுபட்டவர்கள் உரிமைக் கோரிக்கையையும், தகுதியற்ற பெயர் இருப்பின் ஆட்சேபனையையும் சமர்ப்பிக்கலாம். 2021 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர், ஆண்டின் இடையில் 18 வயதை அடைவோரைச் சேர்ப்பதற்குத் துணை இடாப்புகளும் தயாரிக்கப்படுகின்றன.

இடாப்பின் முக்கியத்துவம் வாக்களிப்பு நாளுடன் முடிந்துவிடுவதில்லை. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனங்கள் என்பதும் அங்கு பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 தேர்தலில் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இல் அது 7 ஆகவும் 2024 இல் 6 ஆகவும் குறைந்தது. அதே 2024 இல் கம்பகா மாவட்டத்தின் ஆசனங்கள் 18 இலிருந்து 19 ஆக உயர்ந்தன. இடப்பெயர்வாலும் புலம்பெயர்வாலும் மக்கள் தொகை குறையும்போது இடாப்பும் சுருங்குகிறது, ஆசனமும் குறைகிறது. ஊரில் வாழும் தகுதியுடையவர் ஒருவர் பதிவுசெய்யத் தவறினால், தமது வாக்கை மட்டுமன்றித் தமது மாவட்டத்தின் பலத்தையும் குறைத்துவிடுகிறார்.

4. தொகுதி முறையும் விகிதாசார முறையும்

1947 முதல் 1977 வரை இலங்கையில் தொகுதி முறை நடைமுறையில் இருந்தது. நாடு தேர்தல் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் கூடிய வாக்குப் பெற்றவர் தெரிவானார். சில தொகுதிகள் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்டிருந்தன. இந்தியாவின் மக்களவைக்கும் பிரித்தானியாவின் மக்கள் சபைக்கும் இன்றும் தொகுதி முறையிலேயே உறுப்பினர்கள் தெரிவாகின்றனர்.

இம்முறை எளிமையானது. தொகுதிக்கென ஓர் உறுப்பினர் இருப்பதால் மக்கள் அவரை இலகுவாக அணுகலாம். ஆனால் தோற்ற வேட்பாளருக்குக் கிடைத்த வாக்குகள் அனைத்தும் பயனற்றுப் போகின்றன. இதனைப் பின்வரும் பெறுபேறுகள் காட்டுகின்றன.

1970 தேர்தல் (தெரிவான ஆசனங்கள் 151)
ஐக்கிய தேசியக் கட்சி: வாக்கு 37.9 வீதம், ஆசனம் 17
ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி: வாக்கு 36.9 வீதம், ஆசனம் 91

1977 தேர்தல் (மொத்த ஆசனங்கள் 168)
ஐக்கிய தேசியக் கட்சி: வாக்கு 50.9 வீதம், ஆசனம் 140
ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி: வாக்கு 29.7 வீதம், ஆசனம் 8
தமிழர் விடுதலைக் கூட்டணி: வாக்கு ஏறத்தாழ 6.5 வீதம், ஆசனம் 18

1970 இல் கூடுதலான வாக்குப் பெற்ற கட்சி 17 ஆசனங்களுடன் நின்றது. 1977 இல் ஏறத்தாழ 30 வீத மக்களின் ஆதரவு பெற்ற கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. வடக்கு, கிழக்கில் செறிவான ஆதரவைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாகியது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் குறைப்பதே விகிதாசார முறையின் நோக்கமாகும். பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கேற்ப ஆசனங்களைப் பகிர்வது விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை எனப்படும்.

5. 225 ஆசனங்கள் எவ்வாறு வந்தன?

(அ) பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பகிரப்படுபவை: 160
(ஆ) 9 மாகாணங்களுக்கும் தலா 4 வீதம்: 36
(இ) தேசியப் பட்டியல்: 29
மொத்தம்: 225

(அ), (ஆ) ஆகிய 196 ஆசனங்களுக்கும் உறுப்பினர்கள் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவாகின்றனர். நிருவாக மாவட்டங்கள் 25 ஆக இருக்கத் தேர்தல் மாவட்டங்கள் 22 ஆவது ஏன் என்பது ஒரு பழகிய வினாவாகும். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். அம்பாறை நிருவாக மாவட்டம் தேர்தலில் திகாமடுல்ல என வழங்கப்படுகிறது.

6. தேர்தல் நடைபெறும் ஒழுங்கு

பாராளுமன்றத்தின் பதவிக்காலம் 5 ஆண்டுகளாகும். 2022 ஆம் ஆண்டின் 21 ஆம் திருத்தத்தின்படி, பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றிக் கோரினாலன்றி, முதற் கூட்டத்திலிருந்து இரண்டரை ஆண்டுகள் முடியுமுன் சனாதிபதி அதனைக் கலைக்க முடியாது. கலைக்கும் பிரகடனத்திலேயே தேர்தல் திகதியும் புதிய பாராளுமன்றம் கூடும் திகதியும் குறிப்பிடப்படும். கலைக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புதிய பாராளுமன்றம் கூட வேண்டும்.

2024 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் நடைபெற்ற ஒழுங்கைப் பாருங்கள்.

செப்டெம்பர் 24: பாராளுமன்றம் கலைக்கப்பட்டது
ஒக்டோபர் 4 முதல் 11 வரை: வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன
நவம்பர் 14: வாக்களிப்பு
நவம்பர் 21: புதிய பாராளுமன்றத்தின் முதற் கூட்டம்

வேட்புமனுவை அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி அல்லது சுயேச்சைக் குழு தாக்கல் செய்யலாம். தனிநபர் ஒருவர் தனியாகப் போட்டியிட முடியாது. மாவட்ட ஆசன எண்ணிக்கையுடன் 3 ஐக் கூட்டிவரும் எண்ணிக்கையான வேட்பாளர்களின் பெயர்கள் இடம்பெறல் வேண்டும். 6 ஆசனங்கள் உள்ள மாவட்டத்தில் ஒரு பட்டியலில் 9 பேர் இருப்பர். சுயேச்சைக் குழுக்கள் கட்டுப்பணம் செலுத்த வேண்டும். இரட்டைக் குடியுரிமை உடையோர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது.

தேர்தலை நடத்தும் பொறுப்பு சுயாதீனமான தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு உரியது. 21 ஆம் திருத்தத்தின் கீழ் இதில் 5 உறுப்பினர்கள் உள்ளனர். மாவட்ட மட்டத்தில் தெரிவத்தாட்சி அலுவலராக மாவட்டச் செயலாளர் கடமையாற்றுகிறார். தேர்தல் கடமையிலுள்ள அரச ஊழியர், பாதுகாப்புப் படையினர், பொலிசார் முதலியோர் முன்கூட்டியே அஞ்சல் மூலம் வாக்களிப்பர். வாக்களிப்புக்கு முன்னைய 48 மணித்தியாலங்களில் பிரசாரம் செய்வது தடைசெய்யப்பட்டுள்ளது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேட்பாளர்களின் தேர்தல் செலவுகளுக்கும் வரம்பு உண்டு.

7. வாக்களிப்பு நிலையத்தில்

(1) வாக்களிப்பு ஆரம்பிக்குமுன் வாக்குப் பெட்டி வெறுமையாக உள்ளதென்பது கட்சி முகவர்களுக்குக் காட்டப்பட்டு, பெட்டி முத்திரையிடப்படும்.
(2) வாக்காளர் தேசிய அடையாள அட்டை அல்லது ஏற்றுக்கொள்ளப்பட்ட வேறோர் அடையாள ஆவணத்தைக் காட்டுவார். வாக்காளர் அட்டை இல்லாவிடினும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம்.
(3) அலுவலர் பெயரையும் தொடரிலக்கத்தையும் உரத்து வாசிப்பார். முகவர்கள் ஆட்சேபிக்க விரும்பின் ஆட்சேபிக்கலாம்.
(4) விரலில் அழியாத மை பூசப்படும். இது ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கும்.
(5) உத்தியோகபூர்வ அடையாளமிடப்பட்ட வாக்குச்சீட்டு வழங்கப்படும்.
(6) மறைப்பினுள் சென்று, விரும்பிய கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு எதிரேயுள்ள கூட்டில் ஒரு புள்ளடி இட வேண்டும்.
(7) பின்னர் விரும்பினால், அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவருக்கு மேற்படாமல் அவர்களின் விருப்பு இலக்கங்களின் மீது புள்ளடி இடலாம்.
(8) சீட்டை மடித்துப் பெட்டியில் இட்டு வெளியேற வேண்டும்.

பார்வைக் குறைபாடு அல்லது வேறு இயலாமை உள்ளவர்கள் சட்ட விதிகளுக்கமைய உதவியாளர் ஒருவருடன் வந்து வாக்களிக்கலாம்.

நிராகரிக்கப்படும் வாக்குகள்

• எந்தக் கட்சிக்கும் புள்ளடி இடாத சீட்டு (விருப்பு இலக்கங்களில் மட்டும் அடையாளமிட்டதும் இதனுள் அடங்கும்)
• ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளுக்குப் புள்ளடி இட்ட சீட்டு
• வாக்காளரை இனங்காட்டக்கூடிய பெயர், கையொப்பம் முதலியன எழுதப்பட்ட சீட்டு
• உத்தியோகபூர்வ அடையாளம் இல்லாத சீட்டு
• யாருக்கு வாக்களிக்கப்பட்டது என்பது தெளிவற்ற சீட்டு

கட்சிக்குச் சரியாகப் புள்ளடி இட்டு, மூன்றுக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளை அளித்தால் விருப்பு வாக்குகள் மட்டுமே செல்லுபடியற்றவையாகும். கட்சிக்குரிய வாக்கு செல்லுபடியாகும்.

இவை சிறு பிழைகள் என எண்ணிவிடாதீர்கள். 2024 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6 இலட்சத்து 67 ஆயிரம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அளிக்கப்பட்ட ஒவ்வொரு 100 வாக்கிலும் 5 இற்கும் அதிகமானவை வீணாயின. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அளிக்கப்பட்ட ஏறத்தாழ 3 இலட்சத்து 58 ஆயிரம் வாக்குகளில் 32 ஆயிரத்துக்கும் அதிகமானவை நிராகரிக்கப்பட்டன. அம்மாவட்டத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்து ஓர் ஆசனத்தைப் பெற்ற கட்சிக்குக் கிடைத்த வாக்குகளோ 28 ஆயிரத்துக்கும் குறைவு. அதாவது, ஓர் ஆசனத்தைத் தீர்மானிக்கப் போதுமான வாக்குகள் எண்ணப்படாமலே போயின. வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்த அம்மம்மாவின் வாக்கும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். வீட்டிலுள்ள பெரியோருக்குச் சரியான முறையை எடுத்துக்கூறுவது 18 வயதாகாத உங்களாலும் செய்யக்கூடிய பணியாகும். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பது அவர்களின் இரகசியம். எவ்வாறு வாக்களிக்க வேண்டும் என்பதை மட்டும் கூறுங்கள்.

8. ஆசனங்களைக் கணிக்கும் முறை

இது புள்ளிகள் அதிகம் கிடைக்கும் பகுதி. படிமுறைகளை ஒழுங்காக எழுதுங்கள்.

உதாரணம்: ஒரு கற்பனைத் தேர்தல் மாவட்டம். ஆசனங்கள் 7. செல்லுபடியான வாக்குகள் 300,000.

அ கட்சி: 125,000
ஆ கட்சி: 83,000
இ கட்சி: 46,000
ஈ கட்சி: 34,000
சுயேச்சைக் குழு: 12,000

படி 1: வெட்டுப்புள்ளி
செல்லுபடியான வாக்குகளில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 வீதம், பெறாத கட்சிகள் நீக்கப்படும்.
300,000 இன் 5 வீதம் = 15,000. சுயேச்சைக் குழு நீக்கப்படும்.
எஞ்சும் வாக்குகள்: 300,000 − 12,000 = 288,000.

படி 2: போனஸ் ஆசனம்
மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் வழங்கப்படும். அ கட்சிக்கு 1. எஞ்சும் ஆசனங்கள்: 7 − 1 = 6.

படி 3: ஓர் ஆசனத்துக்குரிய வாக்குத் தொகை
288,000 ÷ 6 = 48,000. (பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாகக் கொள்க.)

படி 4: முழுத் தொகைக்குரிய ஆசனங்கள்
அ கட்சி: 2 ஆசனம், மீதி வாக்கு 29,000
ஆ கட்சி: 1 ஆசனம், மீதி வாக்கு 35,000
இ கட்சி: ஆசனம் இல்லை, மீதி வாக்கு 46,000
ஈ கட்சி: ஆசனம் இல்லை, மீதி வாக்கு 34,000
இங்கு 3 ஆசனங்கள் பகிரப்பட்டன. இன்னும் 3 எஞ்சியுள்ளன.

படி 5: பெரிய மீதி
எஞ்சிய ஆசனங்கள் மீதி வாக்குகளின் இறங்கு வரிசைப்படி வழங்கப்படும்: இ (46,000), ஆ (35,000), ஈ (34,000).

இறுதிப் பெறுபேறு: அ கட்சி 3, ஆ கட்சி 2, இ கட்சி 1, ஈ கட்சி 1. மொத்தம் 7.

34,000 வாக்குகள் பெற்ற சிறிய கட்சியும் ஓர் ஆசனம் பெற்றதைக் கவனியுங்கள். நாடெங்கும் சிதறி வாழும் சிறுபான்மை மக்களுக்கு இம்முறை உதவுவது இவ்வாறுதான்.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். இம்மாவட்டத்தில் அ கட்சிக்கென அளிக்கப்பட்ட மேலும் 9,000 வாக்குகள் பிழையாக அடையாளமிடப்பட்டு நிராகரிக்கப்பட்டிருந்தன எனக் கொள்வோம். அவை சரியாக இடப்பட்டிருந்தால் அ கட்சியின் வாக்கு 134,000 ஆகும். கணிப்புக்குரிய வாக்குகள் 297,000. ஓர் ஆசனத்துக்குரிய தொகை 49,500. மீதி வாக்குகள் அ 35,000, ஆ 33,500, இ 46,000, ஈ 34,000 என மாறும். கடைசி மூன்று ஆசனங்கள் இ, அ, ஈ கட்சிகளுக்குச் செல்லும். அ கட்சி 4 ஆசனங்களையும் ஆ கட்சி 1 ஆசனத்தையுமே பெறும். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஓர் ஆசனத்தை ஒரு கட்சியிடமிருந்து மற்றொரு கட்சிக்கு மாற்றிவிட்டன.

9. விருப்பு வாக்கும் தேசியப் பட்டியலும்

ஒரு கட்சி பெறும் ஆசனங்களுக்கு அதன் வேட்பாளர்களில் எவர் தெரிவாவர் என்பதை விருப்பு வாக்குகள் தீர்மானிக்கின்றன. கூடிய விருப்பு வாக்குப் பெற்றவர் முதலில் தெரிவாவார். உறுப்பினர் ஒருவர் பதவி விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் இல்லை. விருப்பு வாக்கு வரிசையில் அடுத்தவர் அவ்விடத்துக்கு வருவார்.

தேசியப் பட்டியலின் 29 ஆசனங்கள், நாடு முழுவதிலும் கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி பகிரப்படும். 2024 இல் ஏறத்தாழ 61.6 வீத வாக்குகளைப் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு இவ்வாறு 18 ஆசனங்கள் கிடைத்தன. தேர்தலில் போட்டியிட விரும்பாத துறைசார் நிபுணர்களையும் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத சமூகத்தவரையும் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவருவதே இப்பட்டியலில் எதிர்பார்க்கப்படும் பயனாகும். தேர்தலில் தோற்றவர்கள் இதன் வழியாகப் பாராளுமன்றம் செல்வது விமர்சிக்கப்படுகிறது.

தேர்தல் முடிந்ததும், பாராளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் எனத் தாம் கருதும் உறுப்பினரைச் சனாதிபதி பிரதம அமைச்சராக நியமிப்பார். சாதாரண பெரும்பான்மைக்கு 113 உறுப்பினர்களும் மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 உறுப்பினர்களும் வேண்டும். 1989 முதல் 2020 வரையான தேர்தல்களில் எக்கட்சியும் 150 ஆசனங்களைத் தேர்தல் மூலம் நேரடியாகப் பெறவில்லை. 2024 இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது.

10. விகிதாசார முறையின் நன்மைகளும் குறைபாடுகளும்

நன்மைகள்
• வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது.
• சிறிய கட்சிகளும் சிறுபான்மைச் சமூகங்களும் பிரதிநிதித்துவம் பெறுகின்றன.
• பலமான எதிர்க்கட்சி அமைய வாய்ப்பு அதிகரிக்கிறது.
• இடைத்தேர்தல் செலவு இல்லை.

குறைபாடுகள்
• மாவட்டம் முழுவதும் பிரசாரம் செய்ய வேண்டியிருப்பதால் செலவு அதிகம்.
• விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியினருக்கிடையே போட்டி ஏற்படுகிறது.
• ஒரு தொகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் என ஒருவர் இல்லை.
• நிலையான அரசாங்கம் அமைப்பது சில வேளைகளில் கடினமாகிறது.

இக்குறைபாடுகளைக் கருத்திற்கொண்டே உள்ளூராட்சி மன்றங்களுக்கு 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறை 2018 முதல் பின்பற்றப்படுகிறது.

11. பரீட்சையில் மாணவர் விடும் பொதுவான பிழைகள்

• சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்புத் தெரிவு குறிக்கப்படலாம். பாராளுமன்றத் தேர்தலில் புள்ளடியே இடப்படும். இவ்விரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.
• போனஸ் ஆசனத்தைக் கழிக்காமல் வாக்குகளை வகுப்பது. வகுப்பதற்கு முன் ஓர் ஆசனத்தைக் கழிக்க மறவாதீர்கள்.
• நீக்கப்பட்ட கட்சிகளின் வாக்குகளைக் கணிப்பில் சேர்ப்பது.
• "தேர்தல் தொகுதி", "தேர்தல் மாவட்டம்" ஆகியவற்றை ஒன்றெனக் கொள்வது.

பயிற்சி வினாக்கள்

1. இலங்கையில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்ட ஆண்டு எது?
(1) 1910 (2) 1931 (3) 1947 (4) 1978

2. பாராளுமன்றத் தேர்தலில் வாக்காளர் ஒருவர் அளிக்கக்கூடிய ஆகக்கூடிய விருப்பு வாக்குகள் எத்தனை?
(1) 1 (2) 2 (3) 3 (4) 5

3. மாகாணங்களுக்குத் தலா 4 வீதம் ஒதுக்கப்படும் ஆசனங்களின் மொத்தம் யாது?
(1) 22 (2) 29 (3) 36 (4) 160

4. மன்னார் மாவட்ட வாக்காளர் எத்தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பர்?
(1) யாழ்ப்பாணம் (2) வன்னி (3) திருகோணமலை (4) புத்தளம்

5. ஒரு தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள் 5. செல்லுபடியான வாக்குகள் 200,000. ப கட்சி 92,000, க கட்சி 61,000, ம கட்சி 38,000, சுயேச்சைக் குழு 9,000 வாக்குகளைப் பெற்றன. ஒவ்வொன்றும் பெறும் ஆசனங்களைப் படிமுறைகளுடன் கணிக்க.

6. "தேருநர் இடாப்பில் பெயர் இடம்பெறுவது வாக்களிப்பதைப் போன்றே முக்கியமானது." இக்கூற்றை இரு உதாரணங்களுடன் விளக்குக.

விடைகள்

1. (2)  2. (3)  3. (3)  4. (2)

5. வெட்டுப்புள்ளி 10,000, சுயேச்சைக் குழு நீக்கப்படும். எஞ்சும் வாக்குகள் 191,000. ப கட்சிக்குப் போனஸ் ஆசனம் 1; எஞ்சும் ஆசனங்கள் 4. 191,000 ÷ 4 = 47,750. ப கட்சி 1 (மீதி 44,250), க கட்சி 1 (மீதி 13,250), ம கட்சி 0 (மீதி 38,000). எஞ்சிய 2 ஆசனங்கள் ப, ம கட்சிகளுக்கு. இறுதி: ப 3, க 1, ம 1.

6. விடைக் குறிப்பு: இடாப்பில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்பதை முதலில் குறிப்பிடுக. பின்னர் (அ) 1947, 1952 தேர்தல்களில் மலையக மக்களின் பிரதிநிதித்துவம் மாறியதையும், (ஆ) பதிவு வாக்காளர் தொகைக்கேற்ப ஆசனங்கள் பகிரப்படுவதால் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆசனங்கள் 2010 இல் 9 ஆக இருந்து 2024 இல் 6 ஆகக் குறைந்ததையும் விளக்குக.

நினைவிற் கொள்க: பெயரைப் பதிவுசெய்தல், வாக்களிக்கச் செல்லுதல், சரியாகப் புள்ளடி இடுதல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் மட்டுமே ஒரு வாக்கு ஆசனக் கணிப்பைச் சென்றடையும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அவ்வாக்கு பயனற்றுப் போகும்.